குடும்பப் பெயரை விடுங்கள், ஊரைப் பிடியுங்கள்: மரானாவ் வம்சாவளி தேடும் வாசகிக்கு

கேள்வி: நான் பினாங்கில் வசிக்கிறேன். அத்தா தமிழ் முஸ்லிம். உம்மா பிலிப்பைன்ஸின் மிண்டனாவ் தீவைச் சேர்ந்த மரானாவ் பெண். இருவரும் ஜித்தாவில் வேலை பார்த்தபோது நிக்காஹ் செய்துகொண்டார்கள். உம்மா வஃபாத்தாகிவிட்டார். மராவி நகரில் இருந்த அவருடைய குடும்ப வீடு 2017 போரில் அழிந்தது. பழைய காகிதங்களும் அதோடு போயின. என்னிடம் இருப்பவை உம்மாவின் பழைய பாஸ்போர்ட்டும், உறவினர் ஒருவர் எப்போதோ அனுப்பிய ஒரு தாளின் படமும்தான். அரபு எழுத்துபோல் தெரிகிறது, ஆனால் இது அரபு இல்லை என்கிறார் எங்கள் பள்ளிவாசல் இமாம். உம்மாவின் குடும்பப் பெயர் ஒன்று, அவருடைய அண்ணனின் குடும்பப் பெயர் வேறொன்று. இருவரும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள்தானா? உம்மாவின் பாட்டி 'பாய் அ லாபி' என்று சொல்வார்கள். நாங்கள் அரச குடும்பமா? தம்பியின் திருமணத்துக்குள் கொடிவழிப் படம் வரைந்து இணையத்தில் ஏற்ற நினைக்கிறேன். டி.என்.ஏ. பரிசோதனை உதவுமா?

பதில்: உங்களை அதிகம் உறுத்தும் கேள்விக்கு முதலில் வருகிறேன். குடும்பப் பெயர்கள் வேறாக இருப்பதை வைத்து உங்கள் உம்மாவையும் மாமாவையும் பற்றிச் சந்தேகப்பட எந்த முகாந்திரமும் இல்லை. அந்தத் தலைமுறை மரானாவ் குடும்பங்களில் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த நான்கு பேர் நான்கு குடும்பப் பெயர்களோடு இருப்பது வெகு சாதாரணம். ஒருவரைப் பள்ளியில் சேர்த்தவர் தகப்பனின் பெயரைச் சொல்லியிருப்பார், இன்னொருவரைச் சேர்த்தவர் பாட்டனாரின் பெயரைக் கொடுத்திருப்பார், மூன்றாமவருக்குக் குடும்பத்தில் யாரோ வகித்த பட்டமே பெயராக ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பிலிப்பைன்ஸ் மக்கள் அனைவருக்கும் நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று ஸ்பானிய ஆளுநர் கிளாவெரியா 1849-இல் ஆணையிட்டார். மரானாவ் மக்களின் தாயகமான லனாவ் ஏரிக்கரையோ ஸ்பெயினின் கைக்கு அடங்காத பகுதி. அந்த ஆணை அங்கே எட்டவில்லை. பிறகு அமெரிக்க ஆட்சியில் பள்ளிக்கூடமும் பதிவேடும் வந்தபோது, கேட்ட அன்று வாயில் வந்த பெயர் எழுதப்பட்டது. ராடியாமோடா என்பது ஒரு பட்டம், சரிப் என்பது நபி வழித்தோன்றல் என்ற உரிமையைக் காட்டும் சொல். இரண்டும் இன்று குடும்பப் பெயர்களாகப் பல ஊர்களில் இருக்கின்றன. ஒரே பெயர் இருப்பதால் உறவும் இல்லை, வேறு பெயர் இருப்பதால் அந்நியமும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. மரியாதைக்குரிய பெரியவர்களைப் பிள்ளையின் பெயரை வைத்து அழைப்பது அவர்கள் வழக்கம். மராவிக் கோட்டையை ஸ்பானியரிடமிருந்து காத்து 1895-இல் உயிர்விட்ட வீரரை எல்லோரும் அமாய் பக்பக் என்றுதான் அறிவார்கள். மராவியின் அரசு மருத்துவமனைக்கும் அந்தப் பெயர்தான். அதற்குப் பக்பக்கின் தகப்பன் என்று பொருள். அவருடைய சொந்தப் பெயர் டத்து அகாதிர். டத்து என்றால் தலைவர். ஆகவே உங்கள் உறவினர் சொல்லும் ஒரு பாட்டனாரின் பெயர், உண்மையில் அவருடைய மூத்த பிள்ளையின் பெயராக இருக்கலாம். ஒரே மனிதரை இரண்டு பேராக எழுதிவிடாமல் இருக்க, ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயர், பிள்ளையால் வந்த பெயர், பட்டம் என்று மூன்றையும் தனித்தனியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

குடும்பப் பெயர் கைகொடுக்காது என்றால் எதைப் பிடிப்பது? ஊரைப் பிடியுங்கள். மரானாவ் மக்கள் தங்கள் நாட்டைப் பாயாபாவ், மாசியு, உனாயன், பாலோயி என்ற நான்கு பங்கம்போங்குகளாகக் கருதுகிறார்கள். ஒவ்வொன்றும் வம்சத் தொடர்புகளால் பின்னப்பட்ட ஒரு கூட்டமைப்பு. அதற்குள் இங்கெட் எனப்படும் ஊர்கள். ஊருக்குள் ஒரு பள்ளிவாசலைச் சுற்றி அமைந்த சிறு சமூகங்கள். இந்தச் சிறு சமூகத்தை அவர்கள் 'அகாமா' என்பார்கள். மலேசியாவில் வளர்ந்த நீங்கள் அந்தச் சொல்லைக் கேட்டதும் மதத்தை விசாரிக்கிறார்கள் என்று நினைத்து 'இஸ்லாம்' என்று பதில் சொல்லிவிடக்கூடும். எந்தப் பள்ளிவாசல் வட்டாரம் என்பதே அங்கே கேள்வி. பழைய பிரிவுகளின் பெயர்கள் இன்றைய வரைபடத்திலும் நிற்கின்றன: பூனா பாயாபாவ், லும்பா பாயாபாவ், மாசியு, லும்பாகா உனாயன் ஆகியவை தெற்கு லனாவ் மாகாணத்தில், பாலோயி வடக்கு லனாவில். 1959-இல் மாகாணத்தை இரண்டாகப் பிரித்த கோடு வம்சங்களைப் பிரிக்கவில்லை.

'உம்மா மராவியைச் சேர்ந்தவர்' என்ற தகவல் மட்டும் போதாது. மராவி கல்விக்கும் வியாபாரத்துக்கும் எல்லா ஊர்க்காரர்களும் வந்து குடியேறிய நகரம். உம்மாவின் தாய் எந்த இங்கெட், தந்தை எந்த இங்கெட், பெருநாளுக்கு எந்த ஊருக்குப் போவார்கள், குடும்பத்தின் கபர்கள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் தெளிவான பதில் கிடைக்கும்.

இனி உங்களுக்கு நெஞ்சம் நிறையும் ஒரு செய்தி. தகப்பன் தமிழர் என்பதால் மரானாவ் வம்சாவளியில் உங்களுக்கு இடமில்லை என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். அந்தத் தயக்கம் வேண்டாம். அவர்கள் வம்சத்தைத் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் எண்ணுகிறார்கள். பங்சா என்று அவர்கள் சொல்லும் வம்ச உரிமை தாயிடமிருந்தும் இறங்கும். அரபு நாட்டு வம்சப் பட்டியல்கள் மகன், தகப்பன், பாட்டன் என்று ஆண்களையே சங்கிலியாகக் கோத்துக்கொண்டு போகும். மரானாவ் வம்சாவளியான சல்சிலாவில் பெண்கள் பெயரோடு நிற்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் வழியாகவும் பட்டத்துக்கு உரிமை வருகிறது. நான்கு பாட்டன் பாட்டிகள் நான்கு ஊர்க்காரர்கள் என்றால் பேரப்பிள்ளைக்கு நான்கு ஊர்களிலும் உரிமை கோர வழி உண்டு. ஆகவே உம்மா எந்த வம்சம் என்று ஒருமையில் கேட்டால் உங்களுக்குப் பாதி விடைதான் கிடைக்கும். எந்தெந்த வம்சங்கள் என்று கேளுங்கள்.

அந்தத் தாளுக்கு வருவோம். நீங்கள் விவரித்ததிலிருந்து அது கிரிம் எழுத்தில் எழுதப்பட்ட சல்சிலாவின் ஒரு பக்கமாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. கிரிம் என்பது மரானாவ் மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறை. மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் ஜாவிக்கு நெருங்கிய உறவு. ஆகவே ஜாவி நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்துகளை இனங்காண்பார். பொருள் மட்டும் மரானாவ் பேசுபவருக்கே புரியும். இருவரையும் ஒரு காணொளி அழைப்பில் சேர்த்து உட்கார வையுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் நீங்களே ஒன்றைச் செய்யலாம். படத்தைப் பெரிதாக்கி, மறுபடி மறுபடி வரும் சொற்களை வட்டமிடுங்கள். 'கரோமா' என்றால் வாழ்க்கைத் துணை, 'வாத்தா' என்றால் பிள்ளை. இவற்றின் அடியாகப் பிறந்த சொற்கள், இன்னார் இன்னாரை மணந்தார், அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் இன்னார் என்ற வாக்கியங்களில் திரும்பத் திரும்ப வரும். அந்தச் சொற்கள் பிடிபட்டால், அவற்றுக்கு முன்னும் பின்னும் இருப்பவை பெரும்பாலும் ஆட்பெயர்கள் என்று தெரிந்துவிடும். உயிரொலிகளில் கவனம் தேவை. இந்த எழுத்தில் ஓ, உ இரண்டுக்கும் ஒரே குறிதான். இ, எ ஆகியவற்றுக்கும் அப்படித்தான். ரோமன் எழுத்தில் எழுதும்போதும் பழைய ஸ்பானியப் பாணியில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் வேறு எழுத்துகளால் எழுதுவார். எழுத்துக்கூட்டல் வேறுபடுவதால் ஆள் வேறு என்று முடிவுகட்டாதீர்கள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அனுப்பியவரிடம் முழுத்தாளும் அடுத்த பக்கங்களும் இருக்கக்கூடும்.

சல்சிலாவின் மேல்பகுதியை அணுகும் முறை வேறு. பல பட்டியல்கள் ஜோகூரிலிருந்து 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிண்டனாவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் ஷரீப் முகம்மது கபுங்சுவானைத் தொட்டு, அவர் வழியாக நபி குடும்பம் வரை ஏறும். வேறு சில, மரானாவ் மக்களின் தாராங்கன் காவியத்தில் வரும் நகரமான பெம்பாரானுக்கும் அதன் வீரர்களுக்கும் போய்ச் சேரும். 2005-இல் யுனெஸ்கோ சிறப்பித்த அந்தக் காவியம் அவர்களுக்கு முன்னோர் சரித்திரமும்கூட. இந்தப் பகுதியைப் பொய் என்று வெட்டிவிட வேண்டாம். தன் குடும்பம் எங்கிருந்து கண்ணியம் பெற்றது என்று அந்தக் குடும்பம் சொல்லும் வாக்குமூலம் அது. அதே சமயம், பிறப்புச் சான்றிதழுக்குச் சமமாகவும் அதை வைக்க முடியாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 ஆண்டுகளுக்குத் தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டு என்றால் 17 முதல் 20 தலைமுறைகள் வர வேண்டும். உங்கள் பட்டியலில் எட்டோ ஒன்பதோ இருந்தால் நடுவே பெயர்கள் உதிர்ந்திருக்கின்றன. பிள்ளையில்லாதவர்களும் பட்டம் கிடைக்காத கிளைகளும்தான் முதலில் உதிர்வார்கள். உங்கள் படத்தில் இந்தப் பகுதியை வேறு நிறத்தில் வரையுங்கள். உயிரோடிருப்பவர்கள் நேரில் பார்த்த மூன்று நான்கு தலைமுறைகளே உங்கள் உழைப்பின் பெரும்பகுதியைப் பெற வேண்டும்.

வம்சாவளி தேடித் தரும் இந்தத் தொழிலில் நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. மரானாவ் வம்சாவளி ஒருவர் தனி அறையில் காகிதங்களை வைத்துக்கொண்டு நிறுவக்கூடிய காரியம் இல்லை. சல்சிலா திருமணத்திலும் பட்டம் சூட்டும் விழாவிலும் சபை நடுவே ஓதப்படுவது. கேட்டுக்கொண்டிருக்கும் மற்றக் கிளைக்காரர்கள் அதை ஒப்புக்கொள்வதில்தான் அதன் வலிமை இருக்கிறது. ஒரே முன்னோரின் பிள்ளைகளை ஒரு குடும்பத்தின் பிரதி ஒரு வரிசையிலும் இன்னொரு குடும்பத்தின் பிரதி வேறு வரிசையிலும் எழுதியிருக்கும், ஏனென்றால் யார் மூத்த கிளை என்பதில் பட்டத்தின் உரிமை தொங்குகிறது. ஒரு பிரதி கிடைத்ததும் திருப்தியடைந்துவிடாதீர்கள். அதே மூதாதையரிலிருந்து பிரிந்த வேறு கிளையின் பிரதியைத் தேடி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முரண்படும் இடத்தில் ஒன்றை அடித்துவிடாமல், எந்தக் கிளை எப்படிச் சொல்கிறது என்று இரண்டையும் எழுதி வையுங்கள்.

அரச குடும்பமா என்று கேட்டீர்கள். பாய் அ லாபி என்பது ஓர் ஊரின் பெண்களுக்குரிய மிக உயர்ந்த பட்டம். சுல்தானுக்கு இணையாக நிற்பது. பெருமைப்பட வேண்டிய பட்டம்தான். ஆனால் ஜோகூர் சுல்தானையோ பேராக் சுல்தானையோ மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்காதீர்கள். ஏரி முழுவதையும் ஆண்ட ஒற்றை மன்னர் என்று அங்கே எவரும் இருந்ததில்லை. ஊருக்கு ஊர் சுல்தான்கள், அவர்களுக்குள் மூத்த வீடுகள், துணை வீடுகள் என்ற ஏற்பாடு. இன்று பட்டங்கள் பெருகியும்விட்டன. ஆகவே எந்த ஊரின் பாய் அ லாபி, அவருக்கு முன் அந்தப் பட்டம் யாரிடம் இருந்தது, எந்தத் தோரோகானோடு தொடர்புடையவர் என்பதே உங்கள் கேள்வியாக இருக்கட்டும். தோரோகான் என்பது டத்துவின் பெரிய மரவீடு. உத்தரங்களின் முனைகள் செதுக்கப்பட்டு முன்னோக்கி நீண்டிருக்கும். மரான்தாவ் ஊரில் இருக்கும் கவாயன் தோரோகானைத் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்திருக்கிறார்கள். பல ஊர்களில் வீடு விழுந்துவிட்டாலும் அது நின்ற இடத்தைப் பெரியவர்கள் காட்டுவார்கள்.

காகிதங்கள் போய்விட்டன என்ற உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது. 2017 மே 23 முதல் அக்டோபர் 23 வரை நடந்த அந்தப் போரில் ஒரு நகரத்தின் நினைவே எரிந்தது. முதல் நாளிலேயே டன்சாலன் கல்லூரியும் அங்கிருந்த ஆய்வு நூலகமும் தீக்கிரையாயின. வீடுகளின் அலமாரிகளிலும் பெட்டிகளிலும் இருந்த சல்சிலாக்கள் எத்தனை போயினவோ, யாராலும் கணக்கிட முடியாது. ஆனால் ஒரு சல்சிலா பொதுவாக ஒரு வீட்டில் மட்டும் இருப்பதில்லை. கிளைகள் பிரியும்போது படியெடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். மரானாவ் மக்கள் நாடெங்கும் பரவிய வியாபாரிகள். மிண்டனாவின் இலிகன், ககாயன் டி ஓரோ நகரங்களிலும், மணிலாவில் கியாபோவின் தங்கப் பள்ளிவாசலைச் சுற்றியும் அவர்களுடைய குடும்பங்கள் நெடுங்காலமாக இருக்கின்றன. மராவியில் எரிந்த தாளின் இன்னொரு படி அங்கே ஒரு கடைவீட்டில் பத்திரமாக இருக்கலாம். உங்களுக்கு அந்தப் படத்தை அனுப்பியவரையே முதல் சாட்சியாகக் கருதுங்கள்: மூலம் அவரிடம் எப்படி வந்தது, யார் எழுதியது, யாரிடமிருந்து படியெடுத்தது?

அரசுப் பதிவுகளும் உதவும், அளவோடு. பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையத்திடம் உம்மாவின் பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். தாமதப் பதிவு என்று இருந்தால் பிறந்த தேதியை உத்தேசமாக எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் பெயர்தான் அதில் பொன். உம்மா அத்தாவின் திருமணத்தை ஜித்தாவில் உள்ள பிலிப்பைன்ஸ் துணைத் தூதரகத்தில் அறிவித்திருந்தால் அந்தப் படிவத்திலும் மணமகளின் பெற்றோர் பெயர் இருக்கும். தாத்தா பாட்டியின் திருமணத்துக்கு ஆவணம் கிடைக்கவில்லை என்றால் கலங்காதீர்கள். முஸ்லிம் தனிநபர் சட்டத் தொகுப்பே 1977-இல்தான் வந்தது. அதற்கு முந்திய நிக்காஹ்கள் பல, சாட்சிகளின் நினைவில் மட்டும் இருந்தவை. மராவியில் மிண்டனாவ் அரசுப் பல்கலைக்கழகத்தில் மாமிதுவா சாபேர் பெயரில் ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. அவர் அந்தச் சமூகத்திலிருந்தே வந்த சமூகவியலாளர். கிரிம் படிக்கத் தெரிந்தவர்களைப் பற்றி அங்கே எழுதிக் கேளுங்கள்.

இப்போது இணையத்தில் ஏற்றுவது பற்றி. தயவுசெய்து ஏற்றாதீர்கள். இதில் நான் கண்டிப்பாகவே இருக்கிறேன். ரிடோ எனப்படும் குடும்பப் பகை அங்கே பழங்கதை இல்லை. ஆசியா அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஆய்வு 1930-கள் முதல் 2005 வரை மிண்டனாவில் 1,266 ரிடோக்களையும் 5,500-க்கும் அதிகமான உயிரிழப்புகளையும் பதிவு செய்தது. எண்ணிக்கையில் முதலிடம் தெற்கு லனாவுக்கு. ரிடோவில் பழி, குற்றம் செய்தவரோடு நிற்காமல் அவருடைய உறவினர் மேலும் விழும். யார் யாருக்கு மகன், எந்த ஊரில் இருக்கிறார் என்று படம் போட்டுக் காட்டுவது சிலருக்கு ஆபத்தாக முடியலாம். அதே வம்சாவளி சமாதானத்துக்கும் பயன்படுகிறது: இரு தரப்பும் ஒரே பாட்டனின் வழி என்று சல்சிலாவைக் காட்டிப் பெரியவர்கள் பகையைத் தீர்த்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்தும் பொறுப்பு அந்தப் பெரியவர்களிடமே இருக்கட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய மரானாவ் சமூகத்தில் அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் பலர் பிலிப்பைன்ஸின் நடுப்பகுதியிலுள்ள விசயா தீவுகளிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள். ஒரு குடும்பத்தில் அப்படி ஒரு முன்னோர் இருந்தார் என்பதைச் சபையில் சொல்வது இன்றும் அவர்களுடைய மராதாபாத்தை, அதாவது குலமானத்தை, குத்துவதாகும். உங்கள் தேடலில் அப்படி ஒரு பெண்ணின் பெயர் வந்தால், நெஞ்சில் மரியாதையோடு ஏற்றுக்கொள்ளுங்கள். அவரும் உங்கள் பாட்டிதான். குடும்பத்துக்குள் இருக்கும் பிரதியில் அவர் பெயரை எழுதுங்கள். வெளியார் பார்க்கும் பிரதியில் எழுதுவதா என்பதை மாமா முடிவு செய்யட்டும்.

டி.என்.ஏ. பரிசோதனைக்கு இப்போதைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அது பங்சாவை நிறுவாது. உறவுக்குள்ளேயே திருமணம் செய்யும் சமூகங்களில் தூரத்துச் சொந்தம்கூடப் பரிசோதனையில் நெருங்கிய சொந்தமாகத் தோன்றும், கணக்கு குழம்பும்.

திருமணம் நெருங்குவதால் எல்லாவற்றுக்கும் முன்னால் மாமாவோடு பேசுங்கள். எடுத்தவுடன் பட்டியல் கேட்காதீர்கள். அங்கே விசாரிப்பவர் யார், எதற்காக விசாரிக்கிறார் என்பது தெரியாமல் எவரும் வம்சம் பேசமாட்டார்கள். உம்மாவின் நினைவாக ஓதுவதற்கு அவருடைய பெற்றோர், பாட்டன் பாட்டி பெயர்கள் சரியாக வேண்டும் என்று தொடங்குங்கள், அது உண்மையும்கூட. உம்மா வயதையொத்த பெண்கள் குடும்பத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு அவர்களோடும் பேசுங்கள். யார் யாரை மணந்தார், எந்தப் பிள்ளை எங்கே வளர்ந்தது என்பது அவர்களிடம்தான் துல்லியமாக இருக்கும். அனுமதி பெற்றுக் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பெயர்களின் உச்சரிப்பை எந்த எழுத்தும் அதுபோல் காப்பாற்றாது. நேரில் போகும் எண்ணம் வந்தால் தனியாகப் போகாமல், மாமா குறிப்பிடும் உறவினர் ஒருவரின் துணையோடு அந்த ஊருக்குள் நுழையுங்கள். தேநீர்க்கடையில் குடும்பப் பெயரைச் சொல்லி விசாரிப்பது வேண்டவே வேண்டாம். தம்பியின் திருமணத்துக்குள் நான்கு தலைமுறை கிடைத்தால் அதை வரைந்து மாமாவுக்கு அனுப்புங்கள். அவர் திருத்தி அனுப்பும் படத்தையே மண்டபத்தில் வையுங்கள்.